சாப்பாட்டு நேரத்தைக் கேட்டவர்களுக்கு நன்றி

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் அச்சடித்த உணவு அட்டவணையே கொடுத்தார்கள்: காலை 8 மணிக்கு ஓட்ஸ், 11 மணிக்கு ஆப்பிள், இரவு 8 மணிக்குள் சப்பாத்தி. நான் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு இரவுப் பேருந்து ஓட்டுபவன். இரவு 8 மணிக்கு என் கையில் ஸ்டியரிங் இருக்கும். நெடுஞ்சாலை ஓட்டலில் வண்டியை நிறுத்தினால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் காசு வாங்காமல் பரோட்டா வைப்பார்கள். இலவசப் பரோட்டாவை எந்த அட்டவணை வென்றிருக்கிறது?

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு. என்ன சாப்பிடுகிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள். எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, யார் சமைத்ததை என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து என்று சொல்லி, மருத்துவரிடம் பேசி மாத்திரை வேளையை என் டூட்டிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தீர்கள். சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்க வேண்டும் என்றதும் நீங்கள்தான். சோற்றை விட்டு ராகிக் களிக்கு மாறிவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, "கேழ்வரகும் மாவுச்சத்துதான், உருண்டையைப் பாதியாக்குங்கள், கீரையைக் கூட்டுங்கள்" என்றீர்கள். தருமபுரிக்காரனிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்!

வீடு தேடி மாத்திரை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் சகோதரிக்கும் நன்றி. பகலில் நான் தூங்குவேன் என்று தெரிந்து, மாலையில் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

என் மனைவி எனக்கென்று தனிச் சமையல் செய்ய மறுத்துவிட்டாள். வீடு முழுவதற்கும் அதே கொள்ளுக் கடைசல், அதே அவரைக்காய்ப் பொரியல். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் எனக்குப் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிற நினைப்பே வருவதில்லை. தூக்குப்பாத்திரம் தினமும் வண்டியேறுகிறது.

நடத்துநர் தம்பி இப்போதும் பரோட்டாதான் சாப்பிடுகிறார். ஆனால் நான் பார்க்காதபடி பின்மேசைக்குப் போய்விடுகிறார். அந்த நாகரிகத்துக்கு நன்றி.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் என் அளவு 9 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. இப்போது 7-க்குக் கீழே நிற்கிறது.

டிப்போ வாசல் டீக்கடை அண்ணனுக்கு: கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை நீட்டுகிறீர்கள், மிக்க நன்றி. அதற்கும் அதே விலை வாங்குவது பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.