முகாமில் கணக்கெடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் ஓய்ந்த நாடுகளில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் எடுக்கப்படும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் முடிக்கும்போது, நம் பவானிசாகர், அரச்சலூர், பரமத்தி வேலூர் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களையும் உயர் ஆபத்துக் குழுவாக வைத்து, ரத்தப் பரிசோதனையோடு ஒரு கணக்கெடுப்பு நடத்திவிட வேண்டும் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலாளர்களிடம் இதே மாதிரிக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு பல வருடம் அலைந்தவன் நான்.

போர் வந்தால் எச்.ஐ.வி.யும் கூடவே வரும் என்பது கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. ராணுவ நடமாட்டம், பாலியல் வன்கொடுமை, பிழைப்பு இழந்த பெண்கள், பூட்டிக்கிடக்கும் ஆஸ்பத்திரி என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். 2000 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புச் சபையே எச்.ஐ.வி.க்கென்று 1308ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் இருந்த கணக்கையெல்லாம் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. காங்கோ, தெற்கு சூடான், ருவாண்டா, உகாண்டா, சியரா லியோன், சோமாலியா, புருண்டி ஆகிய ஏழு நாடுகளின் தரவுகளைத் தொகுத்து பால் ஸ்பீகலும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். போரால் தொற்று கூடியது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. அகதி முகாம்களைச் சுற்றியுள்ள ஊர்களோடு ஒப்பிட்ட 12 இடங்களில், 9 இடங்களில் முகாமில்தான் தொற்று குறைவு. இரண்டில் ஏறத்தாழ சமம். ஒன்றே ஒன்றில்தான் முகாமில் அதிகம்.

ஏன் அப்படி? சண்டை நடக்கும்போது ரோடு துண்டிக்கப்படுகிறது. சந்தை கூடுவதில்லை, ஆள் ஊர் விட்டு ஊர் போவதில்லை. வைரஸும் ஊரோடு முடங்கிக்கிடக்கிறது. சண்டை நின்று ரோடு திறந்து, கட்டுமானப் பணம் வந்து, வெளியூர் வேலையாட்கள் இறங்கிய பிறகுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய காலம் ஆரம்பிக்கிறது. லாரி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போருக்குப் பிந்தைய கணக்கெடுப்பு வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கும் உடன்பாடுதான். யாரை, எங்கே, எப்படிக் கேட்பது என்பதில்தான் தகராறு.

ஆப்கானிஸ்தானில் 2009இல் ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொள்பவர்களிடம் எடுத்த ஆய்வைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்று காபூலில் ஏறக்குறைய 3 சதவீதம். ஈரான் எல்லைப்பக்கம் இருக்கும் ஹெராத்தில் 18 சதவீதம். ஒரே நாடு, ஒரே போர். ஈரானில் வேலைக்கோ தஞ்சமாகவோ போய், அங்கே ஊசிப் பழக்கத்தோடு திரும்பியவர்கள் ஹெராத்தில் நிறைய. அந்த ஆய்வு உருப்படியாக இருந்ததற்குக் காரணம், 'ஆப்கான் மக்கள்' என்றோ 'திரும்பி வந்தவர்கள்' என்றோ மொத்தமாகக் கேட்காமல், ஊசியில் போதை ஏற்றிக்கொள்கிறவர் யார் என்று தேடிப் போனதுதான். 

இனி நம் முகாமுக்கு வருவோம். இலங்கையில் வயது வந்தோரிடம் எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் கீழே. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்துவிட்ட நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றும் வாங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வந்த அளவு 0.34 சதவீதம். 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்கள் குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு வந்தவர்கள். பயப்படுவதென்றால் நம்மைப் பார்த்து அவர்கள்தான் பயப்பட வேண்டும். இன்றைக்கு முகாமில் இருக்கும் இளவட்டங்கள் பாதிக்கு மேல் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்களுக்கு எந்தப் போரின் ஆபத்து?

பட்டியலில் பெயர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நாமக்கல்காரனுக்குத் தெரியும். அதிகப் பாதிப்புள்ள மாவட்டம் என்று பேப்பரில் வந்ததோடு சரி, பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "பையன் வண்டிக்குப் போறவருங்களா? ரத்தம் பாத்தாச்சுங்களா?" என்று கேட்டார்கள். வண்டி ஓட்டாத, பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பண்ணுகிற பையனையும் கேட்டார்கள். கோழிப்பண்ணைக்காரர் மகனையும் கேட்டார்கள். 2017 தேசியக் கண்காணிப்பில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களிடம் கண்ட அளவு 0.86 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கெட்ட பெயர் போகவில்லை. சொந்த நிலமும் வண்டியும் ஓட்டுரிமையும் உள்ள எங்களுக்கே அந்த நிலைமை. குடியுரிமை இல்லாதவருக்கு?

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் கட்டுரையாளர் ரொம்ப வெள்ளந்தியாக இருக்கிறார். புக்கிங் ஆபீஸ் வாசலில் ஓனர் நிற்கும்போது டிரைவரிடம் 'சென்ற மாதம் எத்தனை பேரோடு' என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அதெல்லாம் நமக்கு இல்லீங்க தம்பி, கிளீனர் பசங்களைக் கேளுங்க" என்பார். கிளீனர் பையன் டிரைவரைக் கை காட்டுவான். ஆணுறை பயன்படுத்துகிறீர்களா என்றால் எல்லாருமே ஆமாம். அது சரியான விடை என்பது கேட்கிறவன் முகத்திலேயே எழுதியிருக்கும். லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில், வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லாமல் உட்கார்ந்து பேசினால்தான் நிஜம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். ஓட்டுப்பெட்டி முறை. ஒரு குழுவாக உட்காரவைத்து நடுவில் தட்டி மறைத்துவிடுவார்கள். கேள்வியைப் பொதுவாக வாசித்ததும் அவரவர் தம் பெட்டியில் ஆம், இல்லை என்று ஒரு சீட்டைப் போடுவார்கள். யார் என்ன போட்டார் என்பது கேட்டவருக்கும் தெரியாது. முகம் பார்த்துக் கேட்டபோது வராத 'ஆம்' எல்லாம் பெட்டியில் விழுந்தது. ஒளிந்து வாழ்கிறவர்களைத் தேட இன்னொரு முறையும் உண்டு. 1997இல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் வகுத்தது. முதலில் சிலருக்குக் கூப்பன் கொடுத்தால், அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் வேறு சிலரை அனுப்புவார்கள். பெரிய நகரத்துக்கு அது சரிப்படும். வரிசை வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் இருக்கும் முகாமில், கூப்பனோடு ஒருத்தி நடந்து போனால் பொழுது சாய்வதற்குள் தண்ணீர்க் குழாயடி முழுக்கப் பேச்சாகிவிடும்.

அதைவிடப் பெரிய சங்கடம் சம்மதம். முகாமுக்குள் பேப்பரோடு நுழைகிறவர் எப்போதுமே அதிகாரிதான். வருவாய்த் துறையினர் தலையெண்ணிச் சரிபார்த்தால்தான் மாதப் பணக்கொடை. உளவு பார்க்கும் க்யூ பிரிவு போலீஸாரும் வந்து போவார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றிய பிறகும் பதிவேடு பதிவேடுதான். அங்கே போய் "விருப்பம் இருந்தால் மட்டும் ரத்தம் கொடுங்கள்" என்றால், விருப்பம் இல்லை என்று யார் வாயைத் திறந்து சொல்வார்? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. பெயர் அறியாமல், தனி ஆளின் நிலையைக் கண்டறியும் நோக்கம் இல்லாமல் எடுக்கும் கண்காணிப்பு ஆய்வுக்கு 6ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அப்போதும் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். குடும்ப வாரியாக அட்டை போட்டு வைத்திருக்கும் ஓர் இடத்தில் பெயர் அறியாத ரத்தம் என்று ஒன்று எங்கே இருக்கப்போகிறது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்ததே இப்படி ஒரு சிறு ஆய்வில்தான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அரசு இல்லத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்தும் அவை வந்தன. மருத்துவ வரலாற்றில் அதற்கு உரிய இடம் உண்டு, மறுக்கவில்லை. மாட்டேன் என்று எழுந்து போக அந்தப் பெண்களுக்கு வழி இருந்ததா என்று இன்றைக்குக் கேட்க வேண்டும்.

மனப்பான்மையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பகுதி இருந்தது. தொற்று உள்ள கடைக்காரரிடம் காய்கறி வாங்குவீர்களா, தொற்று உள்ள ஆசிரியை தொடர்ந்து பாடம் நடத்தலாமா என்பவை நம் குடும்பநல ஆய்விலும் கேட்கப்பட்டவைதான். இந்தக் கேள்விகளை முகாமுக்குக் கொண்டுபோவதைவிட முகாமுக்கு வெளியே கேட்கலாம். முகாம் ஆளுக்கு வீடு வாடகைக்கு விடத் தயங்கும் ஓனரிடம் கேட்கலாம். முகவரியைப் பார்த்ததும் குரல் மாறும் ஆஸ்பத்திரி ஊழியரிடமும். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் ரிசல்ட்டை வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்ன ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் ரொம்பத் தெரிந்துகொள்ளலாம்.

முகாமில் தொற்றே இருக்காது என்று நான் சொல்லவில்லை. முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு வாரக்கணக்கில் வெளியூரில் தங்குகிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாசக்கணக்கில் வடக்கே போகிறவருக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. ஆய்வு நடத்தினால் வீட்டை விட்டு நாள்கணக்கில் தங்கும் வேலை என்று ஒரே தலைப்பில் இருவரையும் வைத்து, வேலை செய்யும் இடத்தில், ஓட்டுப்பெட்டி முறையில் கேட்கட்டும். கேட்பவர்களில் முகாமிலிருந்து படித்து வந்த பிள்ளைகளும் இருக்கட்டும்.

அதுவரைக்கும் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலவசப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. அவை அலுவலக நேரத்தில் திறந்து ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பெயிண்டரும் ரிக் தொழிலாளியும் ஊரில் இருப்பதோ பெரும்பாலும் ஞாயிறு மட்டும். ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் மாதம் இரண்டு ஞாயிறாவது இந்த மையங்களைத் திறந்து, முகாமா ஊரா என்று கேட்காமல் பார்க்கச் சொல்லி உங்கள் இதழ் ஒரு தலையங்கம் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் களப்பணியாளர்,
திருச்செங்கோடு