அழித்த ஃபைலின் இடம் எங்கே போகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பெரிய ஃபைல்களை எல்லாம் அழித்தாகிவிட்டது, கணக்கில் மட்டும் பிடித்த இடம் குறையவே இல்லை, நம் இடத்தை இவர்களே வைத்துக்கொண்டு காசு வாங்குகிறார்கள்" என்று ஒரு பேச்சு உங்களுக்குள் சுற்றுகிறது. எங்கள் காதுக்கும் வந்தது. சர்வர் மெதுவாக இருக்கிறது என்றால் கேட்டுக்கொள்வோம். காசு வாங்கிக்கொண்டு இடத்தை ஒளித்து வைக்கிறோம் என்பதைச் சும்மா விட மனமில்லை.

உங்கள் ஃபைல்கள் இருப்பது இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டத்தில், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை எழுதி நிர்வகிக்கும் மென்பொருளில். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம், அதாவது அந்த நொடியில் ஃபைல்கள் இருந்த நிலையை அப்படியே குறித்து வைக்கிறோம். எடுக்கும்போது அது எதையும் நகல் எடுப்பதில்லை. இடமும் அநேகமாகப் பிடிக்காது. அப்புறம் நீங்கள் ஒரு ஃபைலை மாற்றினால், புதியது டிஸ்க்கில் வேறு பிளாக்கில், அதாவது வேறொரு துண்டு இடத்தில், எழுதப்படும். பழைய பிளாக் ஸ்னாப்ஷாட்டின் பிடியில் அப்படியே நிற்கும். அழித்தாலும் அதே கதை. அதைப் பிடித்திருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டும் போன பிறகுதான் இடம் திரும்பும். 40 ஜிபி வீடியோவை அழித்தவருக்கு அன்றே 40 ஜிபி கிடைக்காதது இதனால்தான். தவறி அழித்த ஃபோல்டரைக் கேட்டு நீங்கள் பதறி எழுதும்போது நாங்கள் கையை விரிக்காததும் அதே பிளாக்குகளால்தான். அதை மட்டும் யாரும் பரப்பவில்லை!

சரி, கணக்கு குழப்புகிறது என்பது நியாயம். வரும் மாதம் முதல், ஸ்னாப்ஷாட் பிடிக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணும் 'கோட்டா' என்ற இட வரம்பை விட்டு, அதை எண்ணாத 'ரெஃப்கோட்டா'வுக்கு மாறுகிறோம். இப்போது இருக்கும் ஃபைல்கள் மட்டுமே உங்கள் கணக்கில் சேரும். ஸ்னாப்ஷாட் பிடிக்கும் இடம் இனி எங்கள் பாடு. டிஸ்க் விலை ஏறிய நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. அதையொட்டி ஸ்னாப்ஷாட்கள் 30 நாளுக்குப் பதில் 14 நாள் இருக்கும்.

ஒரே ஒரு ஃபைலுக்காக ரோல்பேக், அதாவது எல்லாவற்றையும் பழைய ஸ்னாப்ஷாட் நிலைக்கே திருப்புவதை, கேட்காதீர்கள். அந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியதெல்லாம் போய்விடும். மறைந்திருக்கும் ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் போய் வேண்டியதை நீங்களே காப்பி செய்துகொள்ளலாம். அங்கே படிக்கத்தான் முடியும், எதுவும் கெடாது. ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்குகளில்தான் இருக்கிறது, அவை போனால் அதுவும் போய்விடும் என்பதால், இரவுதோறும் வேறு சர்வருக்கு அனுப்பும் பேக்கப் வழக்கம்போல் தொடரும். டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு டம்ப்பும் (டேட்டாபேஸில் உள்ளதை எல்லாம் ஒரு ஃபைலாக எழுதிக்கொள்வது) எடுத்து வையுங்கள்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் "என்ன விஷயம்?" என்று எங்களிடமே நேராகக் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமானால் மாத முடிவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சர்வர் குழு