ரசீதில் ஒன்று எனக்கும் அனுப்பு, மக்களே

குலசேகரம்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் உன் சிப்ஸ் வியாபாரத்து வரியைப் பற்றி நீ சொன்ன ஒரு பேச்சு ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "வரிப் பணத்தை மொத்தமா ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டா அவரே கட்டிருவாருப்பா, எனக்கு எங்க நேரம்?" என்றாய். மக்களே, அது மட்டும் வேண்டாம். கணக்கு எழுத ஆள் வைத்துக்கொள், ஆடிட்டரிடம் யோசனை கேள். பணம் மட்டும் உன் வங்கிக் கணக்கிலிருந்து நேரே அரசாங்கத்துக்குப் போகவேண்டும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் ஷீட் கடை நடத்தின காலத்தில் நானும் ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கட்டியாச்சு அண்ணே" என்பார். ரசீது கேட்டால் அடுத்த வாரம் என்பார். இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு நோட்டீஸ் வந்தது. ஒரு வருஷத்துப் பணம் கட்டவே இல்லை. இன்னொரு வருஷத்துப் பணம் கட்டியிருந்தார், ஆனால் சலானில் ஆண்டை மாற்றிப் போட்டிருந்தார். அதே வரியை வட்டியோடு மறுபடியும் கட்டினேன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான். நீ பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழக்கூடாது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

அன்றிலிருந்து நானே கட்டுகிறேன். நீ நினைக்கிற அளவு பெரிய வேலை இல்லை அது.

வருமான வரித் துறையின் தளத்தில் 'இ-பே டேக்ஸ்' என்று இருக்கும். லாகின்கூட வேண்டாம், பான் எண்ணும் போனுக்கு வரும் ஓடிபியும் போதும். எந்த ஆண்டு, எந்த வகை என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரப்படாதே. முன்கூட்டிக் கட்டுகிற அட்வான்ஸ் வரி வேறு, ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு அறிக்கை, போடும்முன் மீதிக்குக் கட்டுவது வேறு. ஆண்டும் அப்படித்தான். என் காலத்தில் சம்பாதித்த வருஷம் ஒன்று, அந்த வருமானத்துக்கு வரிக் கணக்குப் பார்க்கிற மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது. அந்தக் குழப்பத்தில்தான் என் பணம் போனது. 2026 ஏப்ரல் 1 முதலான புது வருமான வரிச் சட்டத்தில் 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களுக்குப் பணம் கட்டினால் பழைய கணக்குத்தான், மறந்துவிடாதே.

அப்புறம் நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யூபிஐ எது வசதியோ அதில் கட்டலாம். சலானைப் பிரிண்ட் எடுத்து வங்கிக் கவுண்டரில் கொடுக்கவும் வழி உண்டு, ரொக்கம் என்றால் 10,000 ரூபாய் வரைதான். பெரிய தொகைக்கு ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்றம். நீ பிற்பாடு கம்பெனியாகப் பதிந்தாலோ, கணக்குத் தணிக்கை கட்டாயமாகிற அளவு வியாபாரம் வளர்ந்தாலோ கவுண்டர் வழி கிடையாது, ஆன்லைன் மட்டும்தான்.

அட்வான்ஸ் வரியைப் பற்றிக் கேட்டாய். வருஷத்துக்கு வரவேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் தவணையாகக் கட்டவேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் முன்னே கட்டியதையும் சேர்த்து 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. எனக்கு ஜூன் தவணைதான் கஷ்டம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், கடையில் ஷீட் வரத்து இருக்காது. அதனால் கார்த்திகை, மார்கழியில் கையில் காசு புரளும்போதே தனிக் கணக்கில் கொஞ்சம் ஒதுக்கி வைப்பேன். உன் சிப்ஸ் வியாபாரத்தில் ஓணத்துக்குத்தான் பெரிய வரவு. அந்தப் பணத்தில் செப்டம்பர் தவணையை முதலில் எடுத்து வை, மிச்சத்தில் வாழைக்காய் வாங்கு. லாபத்தை விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வைத்துக் கட்டுகிற முறையை எடுத்திருந்தால் மார்ச் 15க்குள் ஒரே தடவையாகக் கட்டலாம். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்.

ஜிஎஸ்டியில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சலான் போட்டுப் பணம் கட்டியதும் வரி தீர்ந்துவிடாது. அது ஜிஎஸ்டி தளத்தில் உன் பெயரில் உள்ள ரொக்க லெட்ஜர் என்ற கணக்கில் போய் உட்காரும். ரிட்டர்ன் போட்டு அதிலிருந்து கழித்தால்தான் கட்டியதாகக் கணக்கு. மாதா மாதம் போடுகிறவர்களுக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி கடைசி. சலான் 15 நாள்தான் செல்லும், அதற்குள் கட்டாவிட்டால் புதிதாகப் போடவேண்டும்.

வீட்டு வரியை இப்போது நம் பஞ்சாயத்திலும் ஆன்லைனில் கட்டலாம். உன் கோயம்புத்தூர் மாநகராட்சியில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. தொழில் வரியும் அரையாண்டுக்குத்தான்.

எங்கே கட்டினாலும் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா பார். ரீஃபண்டு வந்திருக்கிறது, இந்த லிங்கைத் தொடு என்று மெசேஜ் வந்தால் தொடாதே.

தாத்தாவின் ஓலைப்பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அதில் திருவிதாங்கூர் காலத்திலிருந்து கரம், அதாவது நிலவரி, தீர்த்த ரசீதுகள் கிடக்கின்றன. அந்த ராஜ்யத்தில் பனையேறிகளிடம் தலைக்கு வரி வாங்கியதும், சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அந்த மாதிரி வரிகளை எதிர்த்துப் பேசியதும் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வரி என்றாலே கசந்த ஆட்கள்தான் நம் முன்னோர்கள். அப்படி இருந்தும் தாத்தா ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூரப்போட்டதில்லை. தெற்கே உள்ள விளைக்கு எல்லைத் தகராறு வந்தபோது அந்தச் சீட்டுகளைத்தான் எடுத்துக் காட்டினார். நிலம் நம்மிடம் நின்றது.

உன் சலானில் வங்கிக் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, சலான் எண் மூன்றும் இருக்கும். ரிட்டர்னில் அதைத்தான் கேட்பார்கள். சில நாள் கழித்து வருமான வரித் தளத்தில் உன் பெயரில் இருக்கும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. ஏறவில்லை என்றால் உடனே எனக்குப் போன் பண்ணு.

அம்மா மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி வைத்திருக்கிறாள், நாளை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். செப்டம்பர் தவணையை நீயே கட்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, போனில் கூடவே இருக்கிறேன். ரசீதை வாட்ஸப்பில் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா