அது மர்ம விலங்கு அல்ல, எங்கள் வீட்டு மரநாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் 'குடியிருப்புப் பகுதியில் மர்ம விலங்கு. பொதுமக்கள் பீதி' என்று ஒரு செய்தி வந்திருந்தது. கூடவே, இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் மின்னும் ஒரு படம். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் தெரிகிற தண்ணீர்த் தொட்டி என்னுடையது. அந்தக் கண்களுக்குச் சொந்தமான விலங்கும் நான்கு வருடமாக என் வீட்டு மச்சில்தான் குடியிருக்கிறது. வாடகை தருவதில்லை என்பதைத் தவிர அதன்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. மர்மமும் இல்லை. அதன் பெயர் மரநாய்.

நாய் போன்ற முகம் என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். மரத்தில் ஏறி மறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்திருந்தால் பெயர் அவர் கையிலேயே இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு மர்மம் என்று முடித்துவிட்டார்.

நான் செங்கோட்டையில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறேன். கதை எழுதுவது தொழில். தொழில் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆகவே ரேஷன் கார்டில் இல்லத்தரசி. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு, பின்கட்டுத் திண்ணையில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தால் ஏழு மணிக்குப் பால்காரர் மணியடிக்கும்வரை எழுதுவேன். அதற்குப் பிறகு எழுத்தாளர் கிடையாது. கேஸ் சிலிண்டர், மின்கட்டணம், முழங்கால் வலிக்குத் தைலம், போன வருடம் வெளியான கதைக்கு இன்னும் வராத சன்மானம் பற்றி ஒரு நினைவூட்டுக் கடிதம், இவ்வளவுதான் நாள்.

நான் எழுத உட்காருகிற நேரமும் மரநாய் இரவுப் பணி முடிந்து திரும்புகிற நேரமும் ஒன்றே. பலாக்கிளையிலிருந்து ஓட்டின்மேல் ஒரு கனம் இறங்கும். ஓடுகள் ஒன்றோடொன்று உரசும். பிறகு காற்றில் ஒரு வாசனை வரும், பாசுமதி அரிசி வேகிற மாதிரி. முதல் வருடம் அடுத்த வீட்டில் இந்த நேரத்தில் யார் பிரியாணி செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். துவைக்கிற கல்லின்மேல் அது விட்டுப்போகிற எச்சத்தைப் பார்த்தால் முந்தின இரவு என்ன விருந்து என்று சொல்லிவிடலாம். கொய்யாக் காலத்தில் முழுக்கக் கொய்யா விதை. பழம் இல்லாத மாதங்களில் எலியின் மயிரும் எலும்பும். அது வந்த பிறகுதான் மச்சிலிருந்த என் பழைய கையெழுத்துப் பிரதிகளை எலி கடிப்பது நின்றது. இப்படிப்பட்ட பிராணியைப் பார்த்து நான் பீதியடைந்ததாக ஊரே பேசுகிறது. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓடிவந்து, "ஆச்சி, பேப்பரில் போட்டிருக்கிறார்கள், புலிக்கும் பூனைக்கும் பிறந்ததாம்" என்றான். தாங்கள் அப்படிப் போடவில்லை, உண்மைதான். பெயர் இல்லாத இடத்தில் எந்தக் கதையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் அம்மா இதை மரப்பட்டி என்பாள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எங்கள் வீட்டு மலையாளத்துக்கு அதுதான் காரணம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நம் பழைய அகராதிகளிலும் பட்டிக்கு நாய் என்று ஒரு பொருள் உண்டு. ஆக, எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மக்கள் இந்தப் பிராணியின் முகத்தைப் பார்த்து ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கோபம் வருவதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு சரித்திரக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாண்டிய நாட்டில் நடப்பது. அதில் ஓர் அந்தி நேரம். வேலி ஓரமாக ஒரு காட்டுப்பூனை பதுங்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சொல் ஒன்று வேண்டுமே என்று தேடியபோது கிடைத்தது வெருகு. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றில், மாலையில் வேலிப்பக்கம் வெருகுக் கூட்டம் வந்துவிட, குறுங்கால் பேடைக்கோழி எங்கே ஒளிவது என்று தெரியாமல் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கும். அதே தொகையில் இன்னொருத்தி, விடியலைச் சொல்லித் தன் தூக்கத்தைக் கெடுத்த சேவலைப் பார்த்து, நீ நள்ளிரவில் எலி பிடிக்க அலையும் வெருகின் குட்டிக்கு இரையாகப் போ என்று சபிப்பாள். நானும் எங்கள் தெருச் சேவலை ஏறத்தாழ அதே சொற்களில் சபித்திருக்கிறேன், எனவே அந்தப் பெண்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, கதையின் ஓர் அத்தியாயம் ஒரு மலருக்குப் போனது. 'வேலியோரம் வெருகு பதுங்கியிருந்தது' என்று எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது: 'வேலியோரம் விறகு பதுங்கியிருந்தது.'

மெய்ப்பு பார்த்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரியாத சொல்லைப் பார்த்தால் தெரிந்த சொல்லாக மாற்றத்தான் கை போகும். ஆனால் விறகு எப்படிப் பதுங்கும் என்று ஒரு வாசகர்கூடக் கேட்டு எழுதவில்லை. அதுதான் இரண்டு நாள் எழுதவிடாமல் செய்தது. மலையாளிகளிடம் கேட்டால் வெருகு என்பதற்குப் புனுகுப்பூனையைக் காட்டுவார்கள். விலங்கு சற்று இடம் மாறியிருக்கிறது, சொல் உயிரோடு இருக்கிறது. நம்மிடம் அது விறகாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எழுத்து ஓடாத காலைகளில் தோட்டத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் பழைய பெயர் என்ன என்று தேடுவேன். தொல்காப்பிய மரபியலில் எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர் என்று ஒரு கணக்கு வருகிறது. 'மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு' என்று ஒரு அடி. இந்த நான்கின் இளமைப் பெயர் குட்டி; பறழ் என்றாலும் குற்றமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணில் குஞ்சு என்கிறார்கள், அம்மா அணிற்பிள்ளை என்பாள். எதையும் திருத்தப் போவதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'மூவரி'.

திண்ணையில் உட்கார்ந்தபடி எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எளிதல்ல, அணில் ஒரு நொடி நிற்காது. தேங்காய்ச் சில் ஒன்றைத் தூணின் அடியில் வைத்துவிட்டு மூச்சு விடாமல் இருந்தேன். தலைகீழாக இறங்கி வந்து, சில்லை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொறித்தது. முதுகு முழுக்க என் பக்கம். பழுப்பு நிறத்தில் வெளிறிய கோடுகள், மூன்று. நடுக்கோடு வால்வரை நேராக ஓடுகிறது. பக்கத்துக் கோடுகள் இரண்டும் இடுப்பருகே மெலிந்து கரைகின்றன. இராமர் தடவிய விரல் மூன்று என்று நமக்குத் தெரியுமே, இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகன் டெல்லியில் இருக்கிறான். அங்கே பூங்காவில் எடுத்த அணில் படம் ஒன்றை அனுப்பச் சொன்னேன். அதன் முதுகில் ஐந்து. வடக்கே பரவலாக இருப்பது ஐவரி அணில். தெற்கிலும் இலங்கையிலும் இருப்பது மூவரி அணில். இரண்டும் வேறு வேறு இனம் என்பது விலங்கியல் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் மரபியல் எழுதியவர், எலிக்கும் வெருகுக்கும் தராத அடைமொழியை அணிலுக்குத் தந்து, அதுவும் எண்ணிப் பார்த்துத் தந்திருக்கிறார். அவரும் ஏதோ ஒரு தூணருகே என்னைப்போல மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது அன்றைய பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது.

அந்த அடியில் முதலில் நிற்கும் மூங்கா, நம் கீரி. காலை பத்து மணிக்கு இரண்டு வரும், எருக்குழியைக் கிளறிவிட்டுப் போகும். இந்தச் சொல்லைத் தமிழர்கள் முழுக்க மறந்துவிட்டோம். கன்னடத்தில் முங்குசி, தெலுங்கில் முங்கிச, மராத்தியில் முங்கூஸ் என்று அதன் உறவினர்கள் நலமாக இருக்கிறார்கள். மராத்தியிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போனதுதான் மங்கூஸ். நம் பிள்ளைகள் ஆங்கில வழிப் பள்ளியில் அதை 'எம்' எழுத்துக்கு நேரே படம் பார்த்துப் படிக்கிறார்கள். கீரியும் நல்ல சொல்தான், எனக்கு அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும், சொந்த வீட்டுப் பாத்திரத்தைப் பழைய பாத்திரக்கடையில் பார்த்தது போல இருந்தது.

ஓணானைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளும். வேலிக்கல்லில் கழுத்து சிவந்து, தலையை ஆட்டிக்கொண்டு எனக்குச் சவால் விட்டபடி உட்கார்ந்திருக்கிறது. பழைய பெயர் ஓதி, ஓந்தி. அம்மா ஓந்து என்றபோதெல்லாம் மலையாளம் பேசுகிறாள் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவள் பேசியது எங்களைவிடப் பழைய தமிழ். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் இதன் முதுகை 'வேதின வெரிந்' என்கிறார். வெரிந் முதுகு, வேதினம் கருக்கரிவாள். எங்கள் வீட்டுக் கருக்கரிவாளை எடுத்துவந்து வேலிக்கல்லருகே பிடித்துப் பார்த்தேன். பிடரியிலிருந்து இறங்கும் அந்தச் சிறு முட்களின் வரிசையும் அரிவாளின் பல்லும் ஒரே சாய்வு. ஓணான் மட்டும் அந்த ஒப்புமையை ரசிக்கவில்லை, ஓடிவிட்டது.

எல்லாப் பிராணிகளோடும் நான் இப்படிச் சமரசமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். கறையான் என் சரித்திரக் கதையின் முதல் நாற்பது பக்கங்களை, அலமாரியின் பின்பலகை வழியாக வந்து தின்றுவிட்டது. அதன் பழைய பெயர் சிதல். கறையான் தின்ற ஆலமரத்தை அதன் விழுதே தாங்குவது போல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்று நாலடியாரில் ஒரு பாட்டு உண்டு. அதில் சிதலை என்று வரும். அதைப் படித்து ஆறுதல் அடைய முயன்றேன். என் நாற்பது பக்கங்களுக்கு விழுது ஏதும் இல்லாததால், திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. நான் கேட்பது மிகச் சிறியது. வெருகையும் மூங்காவையும் தலைப்புச் செய்தியில் போடுங்கள் என்று கேட்கவில்லை. போட்டால் விறகாகிவிடும் என்ற பயம் எனக்கே உண்டு. அடுத்த முறை ஏதாவது ஊரில் 'மர்ம விலங்கு' தென்பட்டதாகச் செய்தி வந்தால், தங்கள் நிருபர் அந்தத் தெருவில் தேங்காய் பறிக்கிறவரிடமோ, ஆடு மேய்க்கிறவரிடமோ, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடமோ படத்தைக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அந்தப் பெயரை அப்படியே அச்சிடுங்கள். ஒரே பிராணிக்கு ஊருக்கு ஒரு பெயர் வந்தாலும் பரவாயில்லை. ஓணானைக் கொங்கு நாட்டில் ஒடக்கான் என்பார்கள், கரிசல் பக்கம் கரட்டான் என்பார்கள், வாசகர்கள் குழம்பிவிட மாட்டார்கள். கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் என்று மக்கள் கோரிக்கை விடுத்ததாகச் செய்தியின் கடைசி வரியில் இருந்தது. எங்கள் தெருவில் அப்படிக் கேட்டவர் ஒருவர். அவரும் வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மரநாய் என்று தெரிந்த பிறகு, அது கோழி பிடிக்குமா என்று மட்டும் கேட்டார். சமயம் கிடைத்தால் பிடிக்கும், கூட்டை இரவில் நன்றாக அடையுங்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

தங்கள் நிருபர் மறுபடியும் வருவதாக இருந்தால் இரவு எட்டு மணிக்குமேல் வரட்டும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். மச்சில் இப்போது மூன்று குட்டிகள் இருக்கின்றன. இதை எழுதுகிறபோதே மேலே கீச்சென்று ஒரு சத்தம். மரநாய் தொல்காப்பியத்தின் கணக்கில் வரவில்லை. இந்த மூன்றையும் நாயின் முறைப்படி குருளை என்பதா, வெருகின் முறைப்படி பறழ் என்பதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நாயின் குட்டியையும் பறழ் என்று சொல்லத் தடையில்லை என்று இரண்டு சூத்திரம் தள்ளி அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே, மூன்று பறழ்கள். படத்தின் கீழே அப்படிப் போட்டால் மகிழ்வேன். மெய்ப்பு மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செங்கோட்டை.