ஆளுக்கு 25 ஐபோன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிள் நிறுவனத்தின் 2024 நிதியாண்டு விற்பனை பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 'ஐபோன் மட்டும் 20,118 கோடி விற்றுத் தீர்ந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். உலகத்தில் இருப்பதே ஏறக்குறைய 800 கோடிப் பேர். கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு 25 போன் வருகிறது. என் வீட்டில் நாலு பேர். எங்கள் பங்கான 100 போனில் ஒன்றுகூட இன்னும் வந்து சேரவில்லை.

அது டாலர், ஐயா. தாங்கள் அறியாததல்ல, எத்தனை போன் விற்றோம் என்று இனிச் சொல்ல மாட்டோம் என அந்த நிறுவனம் 2018 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. கடைசியாகச் சொன்ன முழு ஆண்டுக் கணக்கு 21 கோடியே 77 லட்சம். அவர்களே மூடி வைத்த எண் தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ!

நான் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரேடியோ, டிவி கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன். எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு பத்தி உண்டு: எத்தனை விற்றது என்ற உருப்படி, எவ்வளவு பணம் வந்தது என்ற தொகை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னின் விலையை உருப்படிப் பத்தியில் எழுதிவிட்டேன். "1,450 டூ-இன்-ஒன்னை ஒரே நாளில் வித்த புண்ணியவான் யாருப்பா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் முதலாளி கேட்டார். இன்றும் காது சுடுகிறது.

இரண்டு பத்தியும் ஒரே பக்கம் நகராது என்பதை 2006க்கு அப்புறம் கண்ணால் பார்த்தோம். அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் கடையில் சின்ன டிவியைச் சீந்துவாரில்லை. உருப்படி பாதியாக விழுந்தது. ஆனால் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள், "சின்னதுதான் சும்மா கிடைச்சிருச்சே, பெருசா ஒண்ணு காட்டுங்க" என்று 29 அங்குலம் வாங்கிப் போனார்கள். வருடக் கடைசியில் தொகை கூடித்தான் இருந்தது.

அதே செய்தியில் 'ஐபேடும் அமோகம்' என்று இன்னொரு வரி. ஐபேடு விற்பனை முந்தைய வருடத்தின் 2,830 கோடி டாலரிலிருந்து 2,669 கோடிக்கு இறங்கியிருக்கிறது. வாட்ச், இயர்போன் வகையறா 3,985 கோடியிலிருந்து 3,701 கோடிக்கு. ஐபோனே முந்தைய வருடத் தொகையைத் தாண்டி அரை சதவீதம்கூட ஏறவில்லை. நன்றாக ஏறியது ஆப் ஸ்டோர், மாதச் சந்தா போன்ற சேவைகள்தான்: 8,520 கோடி டாலரிலிருந்து 9,617 கோடி. டிவி விற்பனை அப்படியே நிற்க, கேபிள் சந்தா ஏறிய கதை. அதற்கு ஒரு வரி ஒதுக்கத் தங்களுக்கு இடமில்லை.

போதாததற்கு 'தீபாவளி வியாபாரம் கைகொடுத்தது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய கணக்கு வருடம் செப்டம்பர் 28-இல் முடிந்துவிட்டது. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 31.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். போன வருடம் விற்பனையை 'லாபம்' என்று போட்டதற்கும் எழுதினேன். பதில் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டம் எத்தனை லட்சம் என்று வாய்க்கு வந்ததைப் போடுகிறீர்கள். சரி, அதை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தவறினால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். வாசகர் கடிதப் பகுதியோ அரைப் பக்கத்திலிருந்து கால் பக்கமாகிவிட்டது. தீபாவளி நெருங்கினால் அந்தக் காலும் செல்போன் கடை விளம்பரத்துக்குப் போய்விடும்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். அதற்கும் இடமில்லை என்றால், அடுத்த முறை எண்ணுக்குப் பக்கத்தில் 'டாலர்' என்ற மூன்றெழுத்தையாவது போடுங்கள்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். பழைய முதலாளியின் மகன் தங்களுக்கு முழுப் பக்க விளம்பரம் தருகிறவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
வில்லாபுரம், மதுரை.