நவூருவைச் சோம்பேறித் தீவு என்று சொல்லாதே, மாப்பிள்ளை

கதிர் மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய காணொளி வரைவைப் பார்த்தேன். குரலும் படத்தொகுப்பும் பிரமாதம். ஆனால் ‘உட்கார்ந்து தின்றே அழிந்த பணக்காரத் தீவு’ என்ற தலைப்போடு அதை வெளியிடாதே. நவூருவின் கதையை நீ 1970-களில், காசு கொட்டிய காலத்தில் தொடங்குகிறாய். அதற்கு முந்தைய அறுபது வருஷத்தை விட்டுவிட்டால், பழி முழுக்கப் பறிகொடுத்தவன் தலையில்தான் விழும்.

முதலில் வரைபடத்தைக் காட்டு. பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே, மொத்தம் 21 சதுர கிலோமீட்டர். பக்கத்துத் தீவான பனாபாவே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கரையை ஒட்டி ஓர் ஒல்லியான பசுமைப் பட்டை. பெரும்பாலான ஜனங்கள் வாழ்வது அதில்தான். உள்ளே புவாடா ஏரியைச் சுற்றிக் கொஞ்சம் தென்னை. மீதி, அதாவது தீவின் ஐந்தில் நான்கு பங்கு, மேட்டு நிலம். அங்கே சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் இடுக்குகளில்தான் உரம் செய்ய உதவும் பாஸ்பேட் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்த இடங்களில் தூண்கள் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கின்றன, சில இரண்டு மாடி உயரத்துக்கு மேல். அங்கே விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. ட்ரோன் காட்சியில் நீ அதை அழகாகக் காட்டுகிறாய். யார் தோண்டியது என்பதையும் அதே இடத்தில் சொல்.

தோண்டிய கதை சிட்னியில், ஒரு கம்பெனி ஆபீசில் தொடங்குகிறது. நவூருவிலிருந்து வந்த ஒரு கல், கல்லாகிப்போன மரம் என்ற நினைப்பில், கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. 1899-இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் சந்தேகப்பட்டு அதைச் சோதித்தார். உயர்தரப் பாஸ்பேட்! தீவு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. சில வருஷத்தில் சுரங்கம் வந்தது. 1914-இல் ஆஸ்திரேலியப் படை இறங்கியது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்து, உலகச் சந்தை விலைக்கும் குறைவாகத் தங்கள் விவசாயிகளுக்கு உரத்தை அள்ளிக் கொடுத்தன. மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

1942-இல் ஜப்பான் தீவைப் பிடித்தது. 1,200 நவூரு மக்களை, அப்போது தன் வசமிருந்த ட்ரூக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர். 1968-இல் சுதந்திரம் பெற அதே ஜனவரி 31-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஜனாதிபதி ஹாமர் டிரோபர்ட்டும் ட்ரூக்கிலிருந்து மீண்டவர்களில் ஒருவர்.

உன் காணொளியில் இல்லாத, எனக்கு மிகப் பெரிதாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. பாஸ்பேட் தீர்ந்தால் இங்கே பிழைக்க முடியாது, குயின்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயருங்கள் என்று 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா சொன்னது. வீடு தரலாம், வேலை தரலாம், தனி நாடாக இருக்க மட்டும் விடமாட்டோம் என்றது. மூவாயிரம் பேர்கூடத் தேறாத ஒரு ஜனம் 1964-இல் அதை வேண்டாம் என்றது. உட்கார்ந்து தின்ன நினைக்கிற கூட்டம் அப்படிச் சொல்லுமா? 1970-இல் சுரங்கத்தைக் காசு கொடுத்துத் தங்கள் வசமாக்கினார்கள். சுதந்திரத்துக்கு முன்னால் பாழாக்கிய நிலத்துக்காக 1989-இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கை விசாரிக்கலாம் என்று 1992 ஜூனில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே டிரோபர்ட் காலமானார். 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது.

வீண்செலவு நடந்தது உண்மைதான், மறைக்காதே. மெல்போர்னில் எழுப்பிய 52 மாடி நவூரு ஹவுஸ் கடைசியில் கடனுக்குப் போனது. நாட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்த தலைவர்களுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் அகதிகளை அடைத்துவைத்த முகாமை ‘புது வருமானம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடாதே. 2001 முதல், தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா தன் மண்ணில் ஏற்காமல் அங்கே கொண்டுபோய் வைத்தது. கஜானா காலியான நாடு இடம் கொடுத்தது. 2007-இல் அங்கே அனுப்பப்பட்டவர்களில் ஈழத்தமிழர்களும் இருந்தார்கள். உன் காணொளியைப் பார்க்கப்போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தலைப்பை மாற்று. கர்ட்டிஸ் தீவுக்கு மூன்று நிமிஷமாவது ஒதுக்கு. புது வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா