நீ தெளிவாக இருக்கும்போதே எழுதி வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் காகிதம்.

போன வாரம் ஒரு கேள்வி கேட்டாய். "மறுபடி எனக்கு முடியாமப் போனா என்னை என்னப்பா செய்வீங்க?" அம்மா உடனே உன் வாயை அடைத்துவிட்டாள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. பைபோலார் என்ற இந்த மனநோய் திரும்ப வரக்கூடியது என்று டாக்டர் நம் மூன்று பேரையும் உட்காரவைத்துத்தானே சொன்னார்? லித்தியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு குறையும் என்றும் சொன்னார். அப்படியும் வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. இப்போது, இந்தத் தெளிவோடு, நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2017இல் வந்த மனநலச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய யாரும் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன்னால் முடிவெடுக்க முடியாத நிலையில் தனக்காகப் பேச வேண்டியவர் யார் என்று எழுதி வைக்கலாம். 'அட்வான்ஸ் டைரக்டிவ்' என்கிறார்கள். உனக்கு நிதானம் இருக்கிறவரை அந்தத் தாள் சும்மா கிடக்கும். வேண்டும்போது மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது.

எத்தனையோ பேருக்கு பாலிசி போட்டுக்கொடுத்தவன் நான். நாமினி இடத்தைக் காலியாக விட்ட வீடுகளில் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். நீ யாரையும் எழுதாவிட்டால் அந்தப் பொறுப்பு உறவுக்காரர்களுக்கு வரும். இன்றைக்கு அது நானும் அம்மாவும். நாளைக்கு? பெரிய மாமா வந்து நிற்பார். தூக்கமே இல்லாமல் நீ மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், "கையைக் கட்டி வண்டியில ஏத்துங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றவர் அவர். பாசம் இல்லாதவர் இல்லை. உன் படிப்புக்கு முதலில் பணம் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களையும் வீட்டு ஆட்கள்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இப்போது மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது மாமாவுக்குத் தெரிய வேண்டுமே!

உன் சம்மதம் இல்லாமல் அட்மிட் செய்ய வேண்டிய நிலை வந்தால், நீ பெயர் எழுதும் ஆள்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதித்தால்தான் சேர்க்க முடியும், அதுவும் முதலில் முப்பது நாள் வரைதான். ஆகவே அழுதுகொண்டேயாவது கையெழுத்துப் போடத் தெரிந்தவர், தேவையில்லை என்றால் போடமாட்டேன் என்று சொல்லவும் தெரிந்தவர் வேண்டும். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பெண்ணை எழுதலாம் என்று நினைத்தால் எழுது. அவள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வருத்தப்படமாட்டேன். (கொஞ்சம் படுவேன். அதைக் கணக்கில் எடுக்காதே.)

என்னவெல்லாம் எழுதுவது? ஹாலோபெரிடால் ஊசி போட்டதும் உனக்குக் கழுத்து இழுத்துக்கொண்டதே, அதைக் கட்டாயம் எழுது. புது ஆஸ்பத்திரியில் அதை யார் சொல்வார்கள்? ஏடிஎம் கார்டும் போனும் யாரிடம் இருக்க வேண்டும், ஆபீசில் யாருக்கு, எவ்வளவு சொல்லலாம் என்பதையும் எழுது. ஷாக், அதாவது மின் அதிர்ச்சிச் சிகிச்சை, வேண்டாம் என்று எழுதப்போவதாகச் சொன்னாய். எழுது. அதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை பேசிவிடு. மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்யக் கூடாது என்று இப்போது சட்டமே இருக்கிறது. நீ பயப்படுவது சினிமாவில் பார்த்ததையா, நிஜத்தையா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்.

அத்தை குணசீலம் கோவிலில் ஒரு மண்டலம் தங்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். போக ஆசையிருந்தால் நானே கூட்டிப்போகிறேன். மாத்திரை டப்பா நம்மோடு வரும்.

ஜாதகம் கேட்டு வருகிறவர்கள் விஷயத்தில் என் முடிவு இது: உன் சம்மதம் இல்லாமல் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன், எதையும் மறைத்து உன்னைக் கட்டியும் கொடுக்கமாட்டேன். குழந்தை பற்றி யோசிக்கும் காலம் வந்தால் லித்தியத்தைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும், நீயாக நிறுத்திவிடக் கூடாது.

வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடி. வாந்தி பேதி என்றால் உடனே டாக்டருக்குப் போன் செய், லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். தலைவலிக்கு புரூஃபென், வோவெரான் மாதிரி வலி மாத்திரை எதுவும் நீயாக வாங்கிப் போடாதே, அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல். ராத்திரி மாத்திரைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், காலை மாத்திரை அதற்கப்புறம்.

யார் பெயரை எழுதினாய் என்று என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவிடம் சொல்லிவிடு. அவள் எப்படியும் அன்றைக்கு ராத்திரியே என்னிடம் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா